தாக்க வருபவர் சிறுவர் என்றால்: ஆயுதம் ஏந்திய தற்காப்பு எப்போது நியாயமாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிரே நிற்பவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் என் தற்காப்புரிமை குறைந்துவிடுமா?

குறையாது. பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். சிறுவர் செய்யும் செயல் சட்டத்தின் கண்ணில் குற்றமே ஆகாமல் போகலாம். அதனால் அந்தச் செயலைத் தடுக்கும் உரிமையும் இல்லாமல் போய்விடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்தியச் சட்டம் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 98-ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 36-ஆவது பிரிவாக வந்திருக்கும் விதி இது: தாக்குபவரின் இளவயது, முதிராத அறிவு, மனநலக் குறைவு, போதை ஆகியவற்றால் அவர் செயல் குற்றமாகாமல் போனாலும், அது குற்றமாக இருந்தால் என்ன தற்காப்புரிமை இருக்குமோ அதே உரிமை தாக்கப்படுபவருக்கு உண்டு.

ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை எதைச் செய்தாலும் இந்தியாவில் அது குற்றமில்லை. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதில், செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாவிட்டால் குற்றமில்லை. இங்கிலாந்தில் அந்த எல்லை 10, ஸ்காட்லாந்தில் 12, ஜெர்மனியில் 14. குழந்தையைத் தண்டிக்கலாமா என்ற கேள்விக்குத்தான் இந்த எண்கள் விடை. பாய்ந்து வரும் கத்தியைத் தடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடையை இந்த எண்களில் தேடக்கூடாது.

அப்படியானால் வயதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாமா?

கட்டாயம் எடுக்க வேண்டும். வயது உங்கள் உரிமையைப் பறிப்பதில்லை. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தும் விதத்தில் உங்கள் மேல் கூடுதல் பொறுப்பை ஏற்றுகிறது.

இதை மிகத் தெளிவாக வகுத்திருப்பது ஜெர்மானியச் சட்ட மரபு. அங்கே பொதுவாகத் தற்காப்புரிமை கடுமையானது. நியாயம் அநியாயத்துக்கு வழிவிடத் தேவையில்லை என்பது அதன் அடிப்படை. தாக்கப்படுபவர் பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் தாக்குபவர் குழந்தையாகவோ மனநோயாளியாகவோ இருந்தால், நீதிமன்றங்களும் சட்ட அறிஞர்களும் படிப்படியான வரிசை ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். விலகிச் செல்ல முடிந்தால் முதலில் விலக வேண்டும். முடியாவிட்டால் அடியைத் தடுப்பதோடு நிற்க வேண்டும். தடுத்தும் பலனில்லை என்றால்தான் திருப்பித் தாக்கலாம், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும்.

என் பார்வையில் எந்த நாட்டில் வாழ்பவரும் மனத்தில் பதிய வைக்க வேண்டிய வரிசை இதுதான், தம் நாட்டுச் சட்டம் இதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பதினான்கு வயதுப் பையனிடமிருந்து விலகிப் போனதற்காக எந்தப் பெரியவரின் கௌரவமும் குறைந்துவிடாது.

எந்தக் கட்டத்தில் ஆயுதத்தைப் பயன்படுத்துவது நியாயம்?

ஆயுதப் பயிற்சி தருபவர்கள் நெடுங்காலமாகச் சொல்லித் தரும் மூன்று சோதனைகள் உண்டு: திறன், வாய்ப்பு, உடனடி ஆபத்து. மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இரண்டு இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் உயிரைப் பறிக்கக்கூடிய பலத்துக்கு இடமில்லை.

திறன் என்றால், உங்களைக் கொல்லவோ கொடுங்காயப்படுத்தவோ அந்த நபரால் முடியுமா என்பது. வயது பெரும்பாலும் இங்கேதான் கணக்கில் வருகிறது. எட்டு வயதுக் குழந்தை முஷ்டியால் குத்தினால் ஒரு பெரியவரின் உயிருக்கு ஆபத்தில்லை. அதே குழந்தையின் கையில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இருந்தால் அந்தக் கணக்கு முற்றிலும் மாறிவிடும். விசையை இழுக்கப் பெரிய தசைபலம் தேவையில்லை.

வாய்ப்பு என்றால், அந்தத் திறனை இப்போது, இந்தத் தூரத்திலிருந்து உங்கள் மேல் பயன்படுத்த முடியுமா என்பது. பூட்டிய இரும்புக் கதவுக்கு வெளியே கட்டையோடு நிற்பவனுக்குத் திறன் உண்டு, வாய்ப்பு இல்லை.

உடனடி ஆபத்து என்றால், அவன் இந்தக் கணத்தில் அதைச் செய்யப் போகிறான் என்று நிதான புத்தியுள்ள எவரும் நம்பும்படியான செயல் அல்லது சொல். "நாளைக்கு உன்னை முடித்துவிடுகிறேன்" என்பது மிரட்டல். அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்புரிமை எழுவதில்லை.

இந்த மூன்றோடு நான்காவதாக ஒரு கேள்வியை நான் சேர்ப்பேன்: வேறு வழி இருக்கிறதா? கதவைச் சாத்தலாம், காரை ஓட்டிச் செல்லலாம், மேசையை நடுவில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கலாம். இளையவர்களின் ஆத்திரம் சட்டென்று ஏறுவது போலவே சட்டென்று வடிவதும் உண்டு. அரை நிமிடம் கிடைத்தால் பல சம்பவங்கள் வெறும் கூச்சலோடு முடிந்துவிடும்.

இந்தியாவில் தாக்குபவருக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கு உரிமை நீளும் சந்தர்ப்பங்களை 38-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது: மரண பயம், கொடுங்காய பயம், பாலியல் வன்கொடுமை நோக்கத்துடன் தாக்குதல், ஆள்கடத்தல், அமிலத் தாக்குதல் முதலியன. இவற்றில் எதிலும் தாக்குபவரின் வயது குறிப்பிடப்படவில்லை.

பதினாறு வயதுதான். ஆனால் ஆறடி உயரம், வலுவான உடல், கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அப்போது?

வெறுங்கை என்பதாலேயே உயிராபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. எழுபது வயதுப் பெண்மணியின் கழுத்தை அவன் நெரித்தால் அது கொலைத் தாக்குதல்தான். கீழே விழுந்தவரின் தலையை மிதிப்பதும் அப்படியே. உடல்பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு, எண்ணிக்கை, உங்கள் உடல்நிலை, நீங்கள் நிற்கிறீர்களா விழுந்து கிடக்கிறீர்களா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திடகாத்திரமான ஒரு நடுவயது ஆண், தன்னை ஒருமுறை தள்ளிவிட்ட பள்ளி மாணவன் மேல் துப்பாக்கியை உயர்த்தினால், அதைத் தற்காப்பு என்று ஏற்பவர் மிகச் சிலரே இருப்பார்கள். தள்ளுதல், அறைதல், வசைபாடுதல், முகத்தில் துப்புதல் எல்லாம் அவமானம் தருபவைதாம். அவமானத்துக்கு ஆயுதத்தால் பதில் சொல்லக்கூடாது. இளையவர் கையால் அவமானப்படும்போது பெரியவர்களுக்குக் கோபம் இரட்டிப்பாகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கோபத்தைப் பயம் என்று தவறாக எண்ணிக்கொள்வது மிக எளிது.

கத்தியோடு இருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருந்தால் ஆபத்து?

1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு செயல்விளக்கத்தைக் கட்டுரையாக எழுதினார். கத்தி ஏந்திய ஒருவர் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் ஓடிக் கடந்துவிடுவார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். பதினைந்து வயதுப் பையனும் அதே வேகத்தில் ஓடக்கூடியவன்தான்.

ஆனால் இந்த அளவை "21 அடிக்குள் வந்தால் சுடலாம்" என்ற விதியாகத் திரித்துவிட்டார்கள். கத்தியைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்கும் சிறுமி பத்தடி தூரத்தில் இருந்தாலும், அவள் உங்களை நோக்கி வராதவரை உடனடி ஆபத்து என்ற சோதனை நிறைவேறவில்லை. பின்னோக்கி நகருங்கள், இடையில் ஏதாவது ஒரு தடையை வையுங்கள். தூரம் கூடினால் யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்பதே அந்தச் செயல்விளக்கம் தரும் உண்மையான பாடம்.

கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி என்று பிறகு தெரிந்தால்?

பெரும்பாலான நாடுகளில், நேர்மையாகவும் நியாயமான காரணத்தோடும் ஏற்பட்ட தவறான எண்ணம் உங்களைக் காக்கும். இங்கிலாந்தில் அந்த எண்ணம் நேர்மையானதாக இருந்தாலே போதும். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76-ஆவது பிரிவு அதை உறுதி செய்தது. குடித்த போதையில் ஏற்பட்ட தவறான எண்ணத்துக்கு அங்கே சலுகை இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றிலும் இந்தியாவிலும் அந்த எண்ணம் நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

இருந்தாலும், சட்டம் காப்பாற்றும் என்பதோடு இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் சுட்டார். அடுத்த நாள் அவன் இறந்தான். காவல் வாகனம் வந்து நின்ற சுமார் இரண்டே விநாடியில் குண்டு பாய்ந்திருந்தது. தகவல் தந்தவர் தொலைபேசியில், துப்பாக்கி அநேகமாகப் போலி, அவன் அநேகமாகச் சிறுவன் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொற்கள் காவலர்களிடம் போய்ச் சேரவேயில்லை. காவலர் மேல் குற்ற வழக்கு தொடரப்படவில்லை. 2016-இல் நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

இதில் நான் பார்ப்பது அந்த இரண்டு விநாடிகளை அல்ல, அதற்கு முந்தைய நிமிடத்தை. வாகனத்தைத் தொலைவில் நிறுத்தி, மறைவில் நின்று குரல் கொடுத்திருந்தால் அவன் வயதும் தெரிந்திருக்கும், பொம்மையும் தெரிந்திருக்கும். நெருங்கிப் போய்த் தன்னை ஆபத்தில் நிறுத்திக்கொண்டு, அந்த ஆபத்தையே சுட்டதற்குக் காரணமாகச் சொல்லும் நிலை ஒருவருக்கு வரக்கூடாது. தனிமனிதருக்கும் இது பொருந்தும். மறைவிடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நெருக்கடி நேரத்தில் ஒருவரின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது?

சரியாகத் தெரிந்துகொள்ள முடியாது. சட்டமும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நம் கண் ஒரே திசையில் பிழை செய்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பயத்தில் இருக்கும்போது எதிராளி பெரியவனாகவும் முதிர்ந்தவனாகவும் தெரிவான். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள கறுப்பினச் சிறுவர்களின் வயதைப் பங்கேற்றவர்கள் சராசரியாக நான்கரை ஆண்டுகள் கூட்டி மதிப்பிட்டார்கள். வேறு நிறம், வேறு சமூகம், வேறு உடை என்றால் பிள்ளையும் நமக்கு ஆளாகத் தெரிகிறான். இந்தச் சாய்வு நமக்கு இல்லை என்று யாரும் உறுதியாகச் சொல்லிக்கொள்ளக்கூடாது.

பொருளைத் திருடிக்கொண்டு ஓடும் சிறுவனைச் சுடலாமா?

கூடாது.

ஒரு காலத்தில் இதற்கு ஆம் என்று சொன்ன நீதிமன்றங்களும் இருந்தன. 1920-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், பழத்தோட்டத்தில் திருடிவிட்டு ஓடியவர்களைச் சுட்ட, தோட்டத்தைக் காவல் காத்தவரை விடுவித்தது. இன்று அதே தீர்ப்பை அங்கே எவரும் முன்மாதிரியாகக் காட்டுவதில்லை. சில பழங்களுக்கு ஓர் உயிரை ஈடு வைப்பதைச் சட்டம் மெல்ல மெல்லக் கைவிட்டது.

அமெரிக்காவில் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த வழக்கிலும் இறந்தவன் ஒரு சிறுவன்தான். 1974-இல் மெம்பிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்ப முயன்ற 15 வயதுச் சிறுவனைக் காவலர் தலையில் சுட்டார். அவன் எடுத்திருந்தது ஒரு கைப்பையும் பத்து டாலரும். அவனிடம் ஆயுதம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சுட்டவரே சொன்னார். தப்பியோடும் குற்றவாளியைச் சுட அந்த மாநிலச் சட்டம் அப்போது அனுமதித்தது. 1985-இல் 'டென்னசி எதிர் கார்னர்' தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓடுபவரால் பிறருக்குக் கடும் ஆபத்து உண்டு என்று நம்பக் காரணம் இல்லாதபோது காவலர் சுடுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்த்தது. காவலருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பொருளை இழந்த சாதாரண மனிதர் அதைவிடத் தாராளமான உரிமையை எதிர்பார்ப்பது விவேகமல்ல.

இன்னொரு சம்பவத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1991-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழச்சாறு பாட்டில் தொடர்பான தகராறில் 15 வயதுச் சிறுமியைக் கடைக்காரர் பின்னந்தலையில் சுட்டார். அதற்கு முன் கைகலப்பு நடந்தது உண்மை. சிறுமி கடைக்காரரை அடித்ததும் உண்மை. ஆனால் சுடப்பட்ட நேரத்தில் அவள் பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். தாக்குதல் முடிந்துவிட்டது. தாக்குதல் முடிந்த கணத்தில் தற்காப்பும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் பழிவாங்கல். நடுவர் குழு அதைக் குற்றம் என்று தீர்த்தது. ஆனால் நீதிபதி கடைக்காரரைச் சிறைக்கு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அந்த நகரம் பற்றி எரிந்ததற்குப் பின்னால் இருந்த மனக்கொதிப்பில் இதுவும் ஒன்று.

இரவில் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் நிலைமை வேறுதானே?

ஓரளவு வேறு. வீட்டுக்குள் இருப்பவருக்குச் சட்டம் கூடுதல் இடம் தருகிறது. சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும் வரையிலான நேரத்தில் வீட்டை உடைத்து நுழைபவருக்கு எதிராக, தேவைப்பட்டால் மரணம் விளையும் அளவுக்கும் இந்தியச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்ற 37-ஆவது பிரிவின் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. இங்கிலாந்தில் 2013-இல் வந்த திருத்தம், வீட்டுக்குள் நுழைந்தவருக்கு எதிராகப் பயன்படுத்திய பலம் அளவுக்கு மிக மிஞ்சிப் போகாதவரை, அது நியாயமானதா என்று நடுவர் குழு பரிசீலிக்க இடம் தருகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சொந்த வீட்டில் பின்வாங்கும் கடமை இல்லை.

இந்தச் சலுகைகளை நம்பி எல்லை மீறியவர்களின் கதையும் உண்டு. 1999-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் தன் பண்ணை வீட்டுக்குள் இரவில் நுழைந்தவர்களை ஒரு விவசாயி உரிமமில்லாத துப்பாக்கியால் சுட்டார். 16 வயதுச் சிறுவன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். தற்காப்பு வாதத்தை நடுவர் குழு ஏற்கவில்லை. கொலைக் குற்றம் உறுதியானது. 2001-இல் மேல்முறையீட்டில் அது கொலையாகாத மரணமாகக் குறைக்கப்பட்டபோதும், அதற்குக் காரணம் அவருடைய மனநிலைதான், தற்காப்பு அல்ல.

2012-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்தது இன்னும் கொடியது. முன்பு பலமுறை திருட்டுக்கு ஆளான ஒருவர் வீட்டின் கீழ்த்தளத்தில் துப்பாக்கியோடு காத்திருந்தார். திருட நுழைந்த 17 வயதுச் சிறுவனையும், அவனைத் தேடி வந்த 18 வயதுப் பெண்ணையும் சுட்டார். காயம்பட்டு விழுந்த பிறகும் மீண்டும் சுட்டார். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவியே அவருக்கு எதிரான சாட்சியானது. ஆயுள் தண்டனை கிடைத்தது. முதல் குண்டை ஒருவேளை நியாயப்படுத்தியிருக்கலாம். விழுந்தவர் மேல் பாய்ந்த குண்டை எந்தச் சட்டமும் நியாயப்படுத்தாது.

வாசலில் நிற்பவர் திருடராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1992-இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் விருந்து நடக்கும் வீடு என்று நினைத்துத் தவறான வீட்டுக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் குற்ற வழக்கில் விடுதலையானார். பின்னர் நடந்த உரிமையியல் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் அளவுக்கு இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. 2023-இல் கேன்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போய், தவறான வீட்டின் மணியை அடித்த 16 வயதுச் சிறுவனை 84 வயது முதியவர் சுட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். முதியவர் 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டு சம்பவங்களிலும், உள்ளே இருந்தபடி கதவைப் பூட்டிக் காவல்துறையை அழைத்திருந்தால் யாருக்கும் ஒரு கீறலும் விழுந்திருக்காது.

பல இளைஞர்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டால்?

எண்ணிக்கையும் திறனின் ஒரு பகுதிதான். ஐந்து பேர் சேர்ந்து ஒருவரை அடித்தால் வெறுங்கையாலும் உயிர் போகும். ஆனால் சூழ்ந்து நிற்பது வேறு, தாக்குவது வேறு. 1984-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் தன்னிடம் ஐந்து டாலர் கேட்ட நான்கு இளைஞர்களை ஒருவர் சுட்டார். அவர் பயந்தார் என்பது மட்டும் போதாது, அந்தப் பயம் நியாயமானதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1986-இல் சொன்னது. கடைசியில் நடுவர் குழு அவரைக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்ததற்கு மட்டும் தண்டித்தது. அந்தத் தீர்ப்பு பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

கூட்டத்தில் ஒன்றுமறியாத குழந்தைகள் கலந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் இந்தியச் சட்டம் பேசுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 44-ஆவது பிரிவில் உள்ள எடுத்துக்காட்டு இதுதான்: தன்னைக் கொல்ல முயலும் கும்பலை நோக்கிச் சுடாமல் ஒருவர் தப்பமுடியாது, சுட்டால் கும்பலில் கலந்துள்ள சிறு குழந்தைகளுக்குத் தீங்கு நேரலாம். அப்படிச் சுட்டு ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலும் அவர் குற்றம் செய்தவராக மாட்டார். படிக்கும்போது நெஞ்சு கனக்கும் விதி இது. கொலைத் தாக்குதல், வேறு வழியே இல்லாமை ஆகிய இரண்டும் இருந்தால்தான் இது பொருந்தும்.

எச்சரிக்கையாக வானத்தில் சுடலாமா? காலில் சுட்டால் போதாதா?

இரண்டும் திரையில் நன்றாக இருக்கும். மேலே போன குண்டு எங்காவது கீழே வந்தாக வேண்டும். பல இடங்களில் எச்சரிக்கைச் சூட்டையும் உயிரைப் பறிக்கக்கூடிய பலப்பிரயோகமாகவே சட்டம் கருதுகிறது. தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். நடுங்கும் கையால் நகரும் காலைக் குறிபார்ப்பதும் நடக்கிற காரியமில்லை. துப்பாக்கியை நீட்டும் அளவுக்கு ஆபத்து இல்லை என்று உங்களுக்கே தோன்றினால், அதை எடுக்காமல் இருப்பதுதான் சரி. குரலால் எச்சரியுங்கள். உரக்க, சுருக்கமாக: "நில்! கத்தியைக் கீழே போடு!" அதற்குக் கட்டுப்படும் சிறுவர்கள் நிறைய. சாட்சிகளும் அந்தச் சொற்களைக் கேட்பார்கள்.

மிளகுத் தெளிப்பான் போன்றவை நடுவழியாக உதவலாம். ஆனால் அவையும் எல்லா நாட்டிலும் சட்டபூர்வமானவை அல்ல. இங்கிலாந்தில் மிளகுத் தெளிப்பானே தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

ஆயுதத்தோடு மிரட்டுவது என் சொந்த மகன். நான் என்ன செய்வேன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். வெளியில் சொல்ல முடியாத துயரம் இது. சட்டப்படி உங்கள் தற்காப்புரிமை மகனுக்கு எதிராகவும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இப்போது தேவை அந்த விடையல்ல என்று எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டைவிட்டு வெளியேறுங்கள், மற்றப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. வெளியேற வழியில்லை என்றால் உள்தாழ்ப்பாள் உள்ள அறைக்குள் போய்விடுங்கள். சமையலறை வேண்டாம், அங்கே கத்திகள் இருக்கும். வாதம் செய்யாதீர்கள், பழைய கணக்குகளை எடுக்காதீர்கள். காவல்துறையை அழைக்கும்போது அவன் வயது, கையில் என்ன இருக்கிறது, மனநலச் சிகிச்சையில் இருக்கிறானா, போதையில் இருக்கிறானா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். கிளீவ்லேண்டில் போய்ச் சேராமல் நின்றது இத்தகைய தகவல்தான். அதனால் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லுங்கள், வந்தவர்களிடமும் சொல்லுங்கள். "மகனைப் போலீசில் காட்டிக்கொடுத்தோம்" என்ற குற்றவுணர்வு வரும். அவனை உயிரோடு வைத்திருக்கவும், ஒரு கொலைப்பழி அவன் தலையில் விழாமல் தடுக்கவும்தான் அழைக்கிறீர்கள்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால், கொந்தளிக்கும் பிள்ளை இருக்கும் காலம் வரை அது அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. முடியாவிட்டால் துப்பாக்கி ஒரு பூட்டிலும் குண்டுகள் வேறொரு பூட்டிலும், சாவிகள் பெரியவர் கையிலும் இருக்க வேண்டும். அவன் உங்களைத் தாக்குவான் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கும் ஒரு நிமிடத்தில் துப்பாக்கி கைக்கு எட்டினால், அவனைக் காப்பாற்ற நமக்குப் பெரும்பாலும் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

சண்டையை முதலில் தொடங்கியது நான் என்றால்?

உங்கள் வாதம் மிகவும் பலவீனமாகிவிடும். சிறுவனைச் சீண்டி, அவன் கை ஓங்கியதும் ஆயுதம் எடுப்பவரைத் தற்காப்புச் சட்டம் காப்பதில்லை. நீங்கள் விலகிவிட்டீர்கள் என்பது அவனுக்கும் தெளிவாகத் தெரிந்த பிறகும் அவன் துரத்தி வந்தால் நிலைமை மாறலாம்.

எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டியது என்ன?

ஆபத்து நீங்கியதும் ஆயுதத்தைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸையும் காவல்துறையையும் உடனே நீங்களே அழைக்க வேண்டும். முடிந்தால் காயத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் முன்பு தாக்கியவன் இப்போது ரத்தம் சிந்தும் ஒரு பிள்ளை. மின்னசோட்டாக்காரர் மறுநாள் வரை யாருக்கும் தகவல் தரவில்லை. அது அவருக்கு எதிராக எவ்வளவு உரக்கப் பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதையும் நகர்த்தாதீர்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: யார் தாக்கினார், எதனால், சாட்சி யார். விரிவான வாக்குமூலத்துக்கு முன் வழக்கறிஞரைச் சந்தியுங்கள். இந்தியாவில் தற்காப்பை எடுத்துக்காட்டும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவரைச் சேர்ந்தது. ஆனால் அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிப்பது போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆபத்தில் இருப்பவர் தங்கத் தராசில் நிறுப்பது போலத் தன் பதிலடியை அளந்துகொண்டிருக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. 2010-இல் வந்த தர்ஷன் சிங் வழக்குத் தீர்ப்பு தற்காப்பின் கோட்பாடுகளைப் பத்தாகத் தொகுத்துத் தந்தது. அதை உங்கள் வழக்கறிஞர் அறிந்திருப்பார்.

சட்டம் விடுவித்தாலும் மனம் விடுவிக்குமா?

எளிதில் விடுவிக்காது. நியாயமாகவே சுட்டவர்களுக்கும் தூக்கம் கெடுகிறது, சத்தம் கேட்டால் உடல் அதிர்கிறது. இறந்தது சிறுவன் என்றால் சுமை இன்னும் கூடுகிறது. போர்க்களத்தில் ஆயுதமேந்திய சிறுவர்களை எதிர்கொள்ளும் படைவீரர்களுக்கும் இதே நிலைதான். கனடா ராணுவம் 2017-இல் குழந்தைப் போராளிகளை எதிர்கொள்வது பற்றித் தனிக் கோட்பாட்டை வெளியிட்டபோது, வீரர்களின் மனநலத் தயாரிப்பையும் அதில் சேர்த்தது. பயிற்சி பெற்ற படைக்கே அது தேவை என்றால் சாதாரண மனிதர் தனியாகச் சுமக்க முயலக்கூடாது. மனநல மருத்துவரைப் பார்ப்பதால் நீங்கள் குற்றவாளி என்று ஆகிவிடாது.

எனக்கே பதினாறு வயதுதான். என்னை இன்னொரு மாணவன் கத்தியோடு துரத்தினால்?

பெரியவருக்கு உள்ள அதே தற்காப்புரிமை உனக்கும் உண்டு. முதலில் ஓடு. ஓடுவதில் வெட்கமே இல்லை. ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போ, கத்து, கைக்குக் கிடைக்கும் பையையோ நாற்காலியையோ உனக்கும் கத்திக்கும் நடுவே பிடி. வேறு வழியே இல்லாமல் திருப்பி அடித்தால் சட்டம் உன் பக்கம் நிற்கும். பாதுகாப்புக்காக என்று நீயும் பையில் கத்தி வைத்துக்கொண்டு போகாதே. தள்ளுமுள்ளோடு முடிந்திருக்கக்கூடிய சண்டை, இரண்டு பையிலும் கத்தி இருந்தால் சவக்கிடங்கில் போய் முடியும். யார் உன்னைத் துரத்துகிறார்கள், எங்கே, எப்போது என்பதை இன்றே வீட்டில் ஒரு பெரியவரிடமும் பள்ளியில் ஒருவரிடமும் சொல். ஒருவர் கேட்காவிட்டால் கேட்கும் ஆள் கிடைக்கும் வரை அடுத்தவரிடம் சொல்.